முதலாண்டு அனாட்டமி, பிசியாலஜி: கேட்டீர்கள், சொல்கிறோம்

மருத்துவம், நர்சிங், பிசியோதெரபி முதலாண்டு வகுப்புகள் தொடங்கிவிட்டன. மாணவர்களும் பெற்றோரும் எழுதிய கடிதங்களில் அடிக்கடி வந்த கேள்விகளை எடுத்துக்கொண்டோம். உடற்கூறியல், உடலியங்கியல் பாடம் நடத்துகிறவர்களே பதில் தருகிறார்கள். வகுப்பறையில் புழங்கும் சொற்களை அப்படியே விட்டிருக்கிறோம்.

*

கேள்வி: பி.எஸ்சி. நர்சிங் முதல் செமஸ்டர் படிக்கிறேன். அனாட்டமியும் பிசியாலஜியும் ஒரே தேர்வு என்கிறார்கள். எனக்கு பிசியாலஜி பிடிக்கிறது. அதை மட்டும் நன்றாகப் படித்துத் தேறிவிடலாமா? வருகைப்பதிவு எவ்வளவு வேண்டும்?
(மாணவி, தேனி)

பதில்: இந்திய நர்சிங் கவுன்சிலின் 2021ஆம் ஆண்டுப் பாடத்திட்டப்படி இரண்டும் ஒரே வினாத்தாள்தான். மூன்று மணி நேரம், 75 மார்க். 'ஏ' பகுதி அனாட்டமிக்கு 37, 'பி' பகுதி பிசியாலஜிக்கு 38. மீதி 25 இன்டர்னல். தேறுவதற்கு 50 சதவீதம். 75இல் பாதி முப்பத்தேழரை. ஆக, இன்டர்னலை ஒதுக்கிவைத்துப் பார்த்தால், அனாட்டமியைத் தொடாமல் போகிறவர் பிசியாலஜியில் ஒரு மார்க்கூட விடக் கூடாது. அப்படி வாங்குகிறவரை நாங்கள் இன்னும் பார்க்கவில்லை.

வகுப்பு நேரம் இரண்டுக்கும் தலா 60 மணி. 20 வாரம், வாரத்துக்கு மூன்று மணி. இரண்டையும் தனித்தனியாகப் படிக்காமல் ஒரே வாரத்தில் ஒரே உறுப்பைப் படியுங்கள். இதயத்தின் அறைகள், வால்வுகள், துடிப்பைத் தொடங்கிவைக்கும் எஸ்.ஏ. நோடு எங்கே இருக்கிறது என்று தெரிந்த அன்றைக்கே இசிஜி அலைகளைப் படித்தால் பாதி வேலை முடிந்தது. சிறுநீரகத்தின் வடிகட்டும் அலகான நெஃப்ரான் படத்தை வரையாமல் சிறுநீர் உருவாகும் விதத்தை மனப்பாடம் செய்பவர்கள் ஹென்லே வளைவுக்கு வந்ததும் தடுமாறுவார்கள். நரம்பு மண்டலத்தைக் கடைசிக்கு வைக்காதீர்கள். செமஸ்டர் முடியும்போது நேரம் பற்றாமல் நசுங்குவது எப்போதும் அதுதான்.

வருகைப்பதிவு தியரியிலும் பிராக்டிகலிலும் 80 சதவீதம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். வராமல் போனதற்கான காரணம் எதுவானாலும் இந்த 80 வேண்டும். டாக்டர் சர்டிபிகேட் கொடுத்தால் லீவு ஒழுங்கான லீவு ஆகும், வகுப்புக்கு வந்ததாக ஆகாது. 60 மணி நேரத்தில் 12 மணி விடலாம், அதாவது மொத்தம் நான்கு வாரப் பாடம். பொங்கலுக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு நாள் சேர்த்து எடுத்துவிட்டு, பிறகு டெங்கு வந்து படுத்தால் கணக்கு உதைக்கும்.

எம்.பி.பி.எஸ். மாணவர்களும் இதையே கேட்டிருந்தார்கள். உங்களுக்குத் தியரியில் 75, பிராக்டிகலில் 80. 2023ஆம் ஆண்டு விதிமுறைப்படி முதலாண்டுத் தேர்வுக்கு மொத்தம் நான்கு முயற்சிகள்தான்.

*

கேள்வி: என் மகள் எம்.பி.பி.எஸ். சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. டிசெக்ஷன் ஹாலில் (இறந்தவர் உடலை அறுத்துப் படிக்கும் கூடம்) கண் எரிகிறது, தண்ணீராகக் கொட்டுகிறது என்கிறாள். அந்த நாட்களில் காலையில் சாப்பிடாமல் போகிறாள். கான்டாக்ட் லென்ஸ் போடுவாள். ஃபார்மலின் புற்றுநோய் தரும் என்று யாரோ சொல்ல, எனக்குத் தூக்கம் போய்விட்டது.
(தாய், அரியலூர்)

பதில்: முதலில் லென்ஸை நிறுத்தச் சொல்லுங்கள். ஹாலுக்கு சாதாரணக் கண்ணாடி போதும், பக்கவாட்டை மூடும் பாதுகாப்புக் கண்ணாடி இருந்தால் இன்னும் நல்லது. ஆவியால் கண் எரியும்போது லென்ஸைக் கழற்ற வேண்டும், கையிலோ ஃபார்மலின் பட்ட கையுறை. உடலில் இருந்து ஒரு துளி தெறித்தால் அது லென்ஸுக்கு அடியில் தங்கிவிடும். தெறித்தால் குழாய்த் தண்ணீரில் 15 நிமிடம் விடாமல் கழுவிவிட்டு கண் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

ஃபார்மலின் என்று பாட்டிலில் வருவது ஏறத்தாழ 37 முதல் 40 சதவீத ஃபார்மால்டிஹைடு கரைசல். உடலைப் பதப்படுத்த அதோடு பீனால், கிளிசரின், ஸ்பிரிட், தண்ணீர் சேர்த்து நீர்க்கச் செய்து ரத்தக்குழாய் வழியாக ஏற்றுகிறார்கள். ஃபார்மால்டிஹைடை சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004இல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது உண்மை. அது எவ்வளவு ஆவி, எத்தனை ஆண்டு என்பதைப் பொறுத்தது. ஓராண்டு படிக்கும் மாணவியைவிட, தினமும் தொட்டியில் கரைசல் கலக்கும் அட்டெண்டருக்குத்தான் ஆபத்து அதிகம். அவருக்கு யாரும் கடிதம் எழுதிக் கவலைப்படுவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

மாணவர்கள் செய்யும் பெரிய தவறு முகக்கவசத்தை நம்புவது. சர்ஜிக்கல் மாஸ்க் மட்டுமல்ல, என்95 கூட தூசியையும் துளியையும்தான் தடுக்கும். ஃபார்மால்டிஹைடு வாயு, அதன் வழியாக நேரே உள்ளே போகும். மாஸ்க்கில் தைலம் தடவிக்கொண்டால் வாசனைதான் மறைகிறது, ஆவி மறைவதில்லை. எரிச்சல் குறைய வழிகள் வேறு. உடலைத் திறந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் குனியாமல் ஓரிரு நிமிடம் விலகி நிற்பது, எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுகிறதா என்று பார்ப்பது, வயிறு, நெஞ்சுக்கூடு போன்ற குழிகளில் தேங்கிய திரவத்தை அட்டெண்டரைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வது, வேலை செய்யாத பகுதியை ஈரத்துணியால் மூடி வைப்பது. அரை மணிக்கு ஒருமுறை வெளியே போய் வந்தால் எந்த ஆசிரியரும் திட்டமாட்டார். ஆஸ்துமா இருந்தால் முதல் நாளே துறையில் சொல்லிவிட வேண்டும். கர்ப்பிணியாக இருந்தாலும் அப்படியே.

கையுறை நைட்ரைல் ஆக இருக்கட்டும். மெல்லிய லேட்டக்ஸ் கையுறையை ஃபார்மால்டிஹைடு சீக்கிரம் ஊடுருவும். ஒரே ஜோடியை இரண்டு மணி நேரம் போட்டிருந்தால் விரல் நுனி மரத்துத் தோல் உரிவது அதனால்தான். சிலருக்கு மாதங்கள் கழித்து அலர்ஜிப் படை வரும். வந்தால் தோல் டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி ஹாலுக்குப் போக வேண்டும்.

வெறும் வயிற்றோடு போவதுதான் மயக்கத்துக்கு நேர்வழி. இரண்டு இட்லியாவது சாப்பிட்டுப் போகட்டும். நெடுநேரம் முட்டியை விறைத்துக்கொண்டு நிற்கிறவர்களுக்குக் காலில் ரத்தம் தேங்கி, மூளைக்குப் போகும் அளவு குறைகிறது. காது அடைத்து, வியர்த்து, பார்வை மங்கினால் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட வேண்டும், 'வெளியே போய் உட்காருகிறேன்' என்று நடக்கக் கூடாது. வாசல்படியில் விழுந்து பல் உடைபவர்கள் அப்படி நடந்தவர்கள்தான். விழுந்தவரை மல்லாக்கப் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள், முகத்தில் தண்ணீர் அடித்துத் தூக்கி நிறுத்தாதீர்கள்.

ஹாலில் போட்ட கோட்டோடு கேன்டீனுக்குப் போகக் கூடாது. வாரம் ஒருமுறையாவது தனியாகத் துவைக்க வேண்டும். முடியை இறுகக் கட்டி தொப்பிக்குள் விட்டால் அந்த வாசனை விடுதி வரை தொடராது.

*

கேள்வி: டிசெக்ஷன் ஹாலுக்குள் போனை எடுத்துப் போகவே கூடாது என்கிறார்கள். படம் எடுத்து வைத்துக்கொண்டால் படிக்கத்தானே உதவும்?
(மாணவர், ஈரோடு)

பதில்: மேசையில் கிடப்பவர் யாரோ ஒருவருடைய அப்பாவாக, அத்தையாக இருந்தவர். உயிரோடு இருக்கும்போதே கையெழுத்திட்டுத் தன் உடலைக் கொடுத்தவராக இருக்கலாம், உரிமை கோர ஆளில்லாமல் உடற்கூறியல் சட்டப்படி கல்லூரிக்கு வந்தவராகவும் இருக்கலாம். இருவருமே படம் எடுக்கச் சம்மதிக்கவில்லை. வாட்ஸாப் குழுவில் போட்ட படம் அந்தக் குழுவோடு நிற்பதில்லை. முதல் நாள் அந்த உடலை மதிப்போம் என்ற கெடாவர் உறுதிமொழி எடுக்கச் சொல்வதும் இதற்காகத்தான்.

இதே காரணத்தால் வந்த இன்னொரு விதியும் உண்டு, அதைப் பலர் பொருட்படுத்துவதில்லை. வெட்டி எடுக்கும் கொழுப்பு, தோல், சவ்வு எல்லாம் அந்தந்த மேசைக்கு உரிய வாளியில்தான் போக வேண்டும். ஓராண்டு கழித்து எரிக்கவோ புதைக்கவோ போகும்போது ஓர் உடலுக்கு உரியது எல்லாம் ஒன்றாகப் போகும். பக்கத்து மேசை வாளியில் போடுவதும் சிங்க்கில் கழுவி விடுவதும் அதைக் கெடுக்கிறது.

படிக்க உதவும் என்பதைப் பொறுத்தவரை, போனில் எடுத்த படத்தில் நரம்பும் நாளமும் ஒரே பழுப்பு நிறத்தில் தெரியும். பார்த்ததை அன்று மாலையே பென்சிலால் வரைந்து பாருங்கள். எது தெரியவில்லை என்பது அப்போது தெரிந்துவிடும்.

*

கேள்வி: டிசெக்ஷன் செட் எது வாங்குவது? எங்கள் மேசையில் தோலை உரிக்கும்போதே தோலடி நரம்புகள் எல்லாம் அறுந்துபோகின்றன.
(மாணவர், தூத்துக்குடி)

பதில்: ஸ்கால்பெல் (அறுவைக் கத்தி) பிடி இரண்டு வேண்டும். 4ஆம் நம்பர் பிடிக்கு 22 அல்லது 23 நம்பர் பிளேடு, தோல் வெட்ட. 3ஆம் நம்பர் பிடிக்கு 10, 11, 15 நம்பர் பிளேடுகள், நுண்ணிய வேலைக்கு. 22ஐ 3ஆம் நம்பர் பிடியில் மாட்ட முயன்று கையை வெட்டிக்கொள்பவர்கள் ஒவ்வொரு ஆண்டும் உண்டு. பல் வைத்த ஃபோர்செப்ஸ் (இடுக்கி) ஒன்று தோலைப் பிடிக்க, பல் இல்லாதது ஒன்று நரம்பையும் நாளத்தையும் பிடிக்க. பல் உள்ளதால் நரம்பைப் பிடித்தால் நைந்துவிடும். ஒரு கத்தரி. இவை போதும், பெட்டியில் வரும் மற்றவை பெரும்பாலும் பெட்டியிலேயே இருக்கும்.

நரம்பு அறுவதற்குக் காரணம், தோலுக்கு ஏற்ற கத்தியைத் தோலுக்குக் கீழேயும் ஓட்டுவது. ஸ்கால்பெல்லின் வேலை தோலோடு முடிகிறது. தோல் மடிப்பைப் பல் ஃபோர்செப்ஸால் இழுத்துப் பிடித்து, பிளேடின் கூரைக் கொழுப்பின் பக்கம் திருப்பாமல் தோலின் பக்கமே சாய்த்து உரியுங்கள். மயிர்க்கால்கள் புள்ளிபுள்ளியாகத் தெரிந்தால் சரியான ஆழத்தில் இருக்கிறீர்கள். அதற்குப் பிறகு விரலும் மூடிய கத்தரியும்தான். கத்தரி நுனியை மூடியபடி நரம்பு ஓடும் திசையிலேயே செருகி, உள்ளே விரித்து, விரித்தபடியே வெளியே எடுங்கள். குறுக்கே விரித்தால் அறும்.

பிளேடை விரலால் கழற்றக் கூடாது, ஃபோர்செப்ஸால் அடிப்பகுதியைத் தூக்கி, கூர் உங்களுக்கு எதிர்ப்பக்கம் பார்க்கும்படி நெட்டித் தள்ள வேண்டும். கழற்றியது வெள்ளை நிறக் குத்துப்படாத டப்பாவுக்குப் போகும். வெட்டிக்கொண்டால் கையுறையைக் கழற்றி சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவி, ஆசிரியரிடம் சொல்லி, டெட்டனஸ் ஊசி போட்ட தேதியைப் பார்க்க வேண்டும். ஃபார்மலின் எல்லாக் கிருமியையும் கொன்றுவிடும் என்ற நம்பிக்கை சரியல்ல. பிரியான் என்னும் கேடுவிளைவிக்கும் புரதத்தை அது அழிப்பதில்லை.

வேலை முடிந்ததும் வெட்டிய இடத்தை நனைத்து மூட மறக்கும் மேசையில், ஒரே வாரத்தில் தசை தோல்செருப்பு மாதிரி காய்ந்துவிடும். அதில் பிறகு எந்த நரம்பையும் தேட முடியாது. மேசை மேசையாகப் போய் அடையாளம் கண்டு எழுதும் ஸ்பாட்டர் தேர்வுக்கு அந்தக் கை கிடைத்தால் வருத்தப்படப் போவதும் நீங்கள்தான்.

*

கேள்வி: பிசியாலஜி லேபில் சிவப்பணு எண்ணிக்கை எனக்கு எப்போதும் 30 லட்சத்துக்குக் கீழேதான் வருகிறது. ரத்த சோகை எனக்கு இல்லை. நண்பன் 'பார்த்து 48 லட்சம் என்று போட்டுவிடு' என்கிறான்.
(பிசியோதெரபி மாணவர், சேலம்)

பதில்: நண்பன் சொல்கிறபடி செய்தால் ரெக்கார்டு நிறையும், தேர்வில் எக்ஸாமினர் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்ததும் காலியாகும். பிழையைத் தேடுவோம். குறைவாக வருகிறது என்று சொன்னதே பெரிய துப்பு.

விரலில் தொடங்குங்கள். குத்தியதும் ரத்தம் தானாக வர வேண்டும். வராமல் பிதுக்கினால் திசுநீர் கலந்து ரத்தம் நீர்க்கிறது, எண்ணிக்கை குறைகிறது. ஸ்பிரிட் காயாமல் குத்தினாலும் அணுக்கள் உடைகின்றன, ரத்தம் உருண்டையாக நிற்காமல் பரவுவதே அதற்கு அடையாளம். முதல் சொட்டைத் துடைத்துவிட்டு இரண்டாவதை எடுங்கள்.

குமிழுக்குள் சிவப்பு மணி இருப்பது சிவப்பணு பைப்பெட், 0.5, 1, 101 என்று கோடுகள் இருக்கும். வெள்ளை மணி இருந்தால் வெள்ளையணு பைப்பெட், அதில் 0.5, 1, 11. ரத்தத்தை 0.5 வரை, அதை நீர்க்கச் செய்யும் ஹேயம் திரவத்தை 101 வரை இழுக்க வேண்டும். 200 மடங்கு நீர்த்தல். '0.5க்கு 101 என்றால் 202 தானே' என்று வைவாவில் (வாய்மொழித் தேர்வு) கேட்பார்கள். குமிழின் கொள்ளளவு 100 தான். தண்டில் நிற்கும் கடைசி ஒரு பங்கு ரத்தத்தோடு கலப்பதே இல்லை. அதனால்தான் அணுக்களை எண்ணும் கட்டம் போட்ட கண்ணாடியான சேம்பரில் விடுவதற்கு முன் முதல் இரண்டு மூன்று சொட்டை வெளியே தட்டிவிடுகிறோம். நீங்கள் தட்டாமல் விட்டால் சேம்பரில் போவது வெறும் ஹேயம் திரவம். எங்கள் சந்தேகம் முதலில் இதன் மேல்தான்.

அடுத்தது ஈரம். பைப்பெட்டைத் தண்ணீரில் கழுவிவிட்டு அசிட்டோன் ஓட்டிக் காயவைக்காமல் எடுத்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் அணுக்களை வெடிக்கச் செய்யும். ரத்தம் 0.5ஐக் கொஞ்சம் தாண்டினால் நுனியை வடிதாளில் லேசாகத் தொட்டுச் சரிசெய்யலாம். நிறையத் தாண்டினால் கழுவிவிட்டு மறுபடி தொடங்குங்கள், சுவரில் ஒட்டியது கணக்கில் சேரும். ரத்தம் எடுத்த பிறகு தயங்கி நின்றால் உறைந்து அடைத்துக்கொள்ளும். திரவம் எடுத்ததும் பைப்பெட்டைக் கிடையாகப் பிடித்து உள்ளங்கைகளுக்கு நடுவே இரண்டு மூன்று நிமிடம் உருட்டுங்கள்.

ஹேயம் திரவத்தில் மெர்க்குரிக் குளோரைடு இருக்கிறது, கடும் விஷம். வாயால் உறிஞ்சக் கூடாது என்ற விதி அதற்காகவும், ரத்தத்துக்காகவும். ரப்பர் குழாய் வைத்து வாயால் இழுப்பதை இன்னமும் பழக்கமாக வைத்திருக்கிற லேபுகள் உண்டு. சக்ஷன் பல்பு கேளுங்கள், கொடுத்தே ஆக வேண்டும்.

நியூபார் சேம்பரில் கவர்ஸ்லிப்பை முதலில் வைத்து, பைப்பெட்டை 45 டிகிரியில் சாய்த்து ஓரத்தில் தொட்டால் திரவம் தானாக உள்ளே ஓடும். பக்கத்துப் பள்ளத்தில் வழிந்தாலோ காற்றுக்குமிழி தெரிந்தாலோ சேம்பரைக் கழுவிவிட்டு மறுபடி ஏற்றுங்கள். அணுக்கள் படிய இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். மைக்ரோஸ்கோப்பில் கண்டென்சரை இறக்கி டயாஃப்ரத்தைக் குறுக்க வேண்டும். வெளிச்சம் அதிகமாக இருந்தால் நிறமேறாத அணுக்களில் பாதி கண்ணுக்கே தெரியாது. எண்ணிக்கை குறைவதற்கு இதுவும் பெரிய காரணம்.

நடுச் சதுரத்தில் 25 நடுத்தரக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் 16 சிறு கட்டங்கள். நான்கு மூலையும் நடுவும் ஆக ஐந்து கட்டங்கள், 80 சிறு கட்டங்கள் எண்ண வேண்டும். கோட்டின் மேல் உட்கார்ந்த அணுக்களில் இரண்டு பக்கத்து ஓரத்தில் உள்ளதை மட்டும் சேருங்கள், மற்ற இரண்டை விடுங்கள். எந்த இரண்டு என்பது உங்கள் விருப்பம், கடைசி வரை மாற்றாமல் இருந்தால் போதும். வந்த எண்ணிக்கையைப் பத்தாயிரத்தால் பெருக்கினால் ஒரு கன மி.மீ.க்கு எத்தனை என்று தெரியும். ஐந்திலும் சேர்த்து 480 என்றால் 48 லட்சம். ஓர் அணுவைத் தவறவிட்டால் விடையில் பத்தாயிரம் குறைகிறது. ஐந்து கட்டங்களில் அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் வித்தியாசம் 20க்கு மேல் இருந்தால் கலவை சரியாகக் கலக்கவில்லை, அந்த எண்ணிக்கையை ரெக்கார்டில் ஏற்றாதீர்கள்.

வெள்ளையணுவுக்கு டர்க் திரவம், 20 மடங்கு, நான்கு மூலைப் பெரிய சதுரங்கள், வந்த எண்ணிக்கையை 50ஆல் பெருக்கல். 140 என்றால் 7,000.

*

கேள்வி: விரலில் குத்துவதென்றால் எனக்கு நடுக்கம். சோதனைக்கு உடம்பைத் தரும் 'சப்ஜெக்ட்' ஆக மாட்டேன் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டா? ஏன் மோதிர விரலையே கேட்கிறார்கள்?
(மாணவி, நாகர்கோவில்)

பதில்: உண்டு. உங்கள் உடம்பின் மேல் செய்யும் எந்தப் பரிசோதனைக்கும் உங்கள் சம்மதம் வேண்டும். ஆனால் சோதனையைச் செய்யக் கற்பதில் விலக்கு இல்லை. இன்னொருவர் சப்ஜெக்ட் ஆனால் நீங்கள் செய்யலாம். ஆஸ்துமா, இதயக் கோளாறு, வலிப்பு, கர்ப்பம் இருப்பவர்கள் படியேறும் சோதனை, மூச்சடக்கும் சோதனை போன்றவற்றில் சப்ஜெக்ட் ஆகவே கூடாது. கேட்கும் முன்பே ஆசிரியரிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள். மார்புப் பரிசோதனையில் பெண் மாணவிக்குப் பெண் ஆசிரியர் உடனிருக்கக் கேட்பதும் முறையானதே. கழுத்துத் தமனியில் நாடி பார்க்கும்போது ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும். இரு பக்கமும் அழுத்தினால் நாடி திடீரெனக் குறைந்து மயங்கி விழலாம்.

மோதிர விரல் கேள்விக்கு விடை அனாட்டமியில் இருக்கிறது. கட்டைவிரலிலும் சுண்டுவிரலிலும் தசைநாண் உறை பெரும்பாலும் உள்ளங்கை வரை தொடர்ந்து போகிறது. அங்கே சீழ் பிடித்தால் கைக்குள் பரவும். நடுவிரல், மோதிர விரல் உறைகள் விரலோடு நின்றுவிடுகின்றன. மோதிர விரலை நாம் குறைவாகவும் பயன்படுத்துகிறோம். நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு.

ஒரு லான்செட் (குத்தும் ஊசி), ஒரு ஆள், ஒரு தடவை. இதில் பேச்சுக்கே இடமில்லை. குத்தியது வெள்ளை டப்பாவுக்கு, ரத்தப் பஞ்சு மஞ்சள் பைக்கு, கையுறை சிவப்புப் பைக்கு, கண்ணாடித் துண்டு நீலப் பெட்டிக்கு. ஹெப்படைடிஸ் பி தடுப்பூசி 0, 1, 6 மாதக் கணக்கில் மூன்று தவணை, முதல் தவணையைச் சேர்ந்த வாரத்திலேயே போட்டுக்கொள்ளுங்கள். அடுத்தவர் ரத்தம் பட்ட ஊசி குத்திவிட்டால் பிதுக்காமல், வாயில் வைக்காமல், சோப்புத் தண்ணீரில் கழுவி, உடனே சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டினால் பயனில்லை. திட்டு விழும் என்று மறுநாள் சொல்பவர்கள்தான் எங்களைக் கலங்கவைப்பவர்கள்.

*

கேள்வி: ஸ்பாட்டரில் எல்லாம் தெரிந்தே எழுதினேன். பாதி மார்க்தான் வந்தது. என்ன தவறு செய்திருப்பேன்?
(மாணவி, விழுப்புரம்)

பதில்: தாளைப் பார்க்காமல் சொல்ல முடியாதுதான், ஆனாலும் பந்தயம் கட்டுவோம்: 'வலது', 'இடது' எழுதவில்லை. மேற்கை எலும்புக்கு 'ஹியூமரஸ்' என்று மட்டும் எழுதினால் பாதி. தலை உட்புறம், கீழ் நுனியின் பின்பக்கம் ஒலிக்ரானன் குழி, அதை வைத்துப் பக்கத்தைக் கண்டுபிடித்து 'வலது ஹியூமரஸ்' என்று எழுதினால்தான் முழுசு. தொடை எலும்பில் தலை உள்ளே, லீனியா ஆஸ்பெரா என்ற முகடு பின்னே. காரையெலும்பில் உருண்ட நுனி மார்பின் நடுப்பக்கம், தட்டை நுனி தோளில், உட்பக்க மூன்றில் இரண்டு பங்கு முன்னோக்கி வளைந்திருக்கும், தசைப்பள்ளம் கீழே. பலரைக் கவிழ்ப்பது காலின் வெளிப்பக்க எலும்பான ஃபிபுலா. கீழ் நுனியில் உட்பக்கம் வழவழப்பான மூட்டுமுகம், அதற்குப் பின்னால் குழி. இந்த இரண்டையும் பிடித்துவிட்டால் தப்பிக்கலாம்.

இரண்டாவது, கொடி எதில் குத்தியிருக்கிறது என்று பார்க்காமல் எழுதுவது. பெரும்பாலும் தொட விடமாட்டார்கள், கண்ணால்தான் பிரிக்க வேண்டும். தமனி தடித்த சுவரோடு குழாயாகவே நிற்கும். சிரை மெல்லியது, அமுங்கியிருக்கும், சிலவேளை உள்ளே கருத்த ரத்தக்கட்டு தெரியும். நரம்பு உள்ளே துளையில்லாத வெண்ணிறக் கயிறு. அக்குளில் குழம்பினால் ஆங்கில 'எம்' எழுத்தைத் தேடுங்கள். தமனிக்கு முன்னால் மீடியன் நரம்பின் இரண்டு வேர்களும் சேருமிடம் அதன் நடுப்புள்ளி. வெளிப்பக்கக் கால் கோரகோபிரேக்கியாலிஸ் தசையைத் துளைத்தால் அது மஸ்குலோகுடேனியஸ். உட்பக்கக் கால் அல்னர்.

நுரையீரலில் மடல்களை எண்ணி நம்பாதீர்கள், பிளவு முழுமையாக இல்லாமல் இருக்கலாம். மூச்சுக்குழாயும் நாளங்களும் நுழையும் ஹைலத்தைப் பாருங்கள். வலதில் மூச்சுக்குழாய் ஒன்று தமனிக்கு மேலே இருக்கும்.

மூன்றாவது, கேள்வியைப் படிக்காதது. 'நரம்பு விநியோகம்' கேட்டிருக்க, தசையின் வேலையை அரைப் பக்கம் எழுதுவது. ஒவ்வொரு மேசையிலும் ஒன்றிரண்டு நிமிடம்தான். மணி அடித்தால் போய்விட வேண்டும், முந்தைய விடையை அடுத்த மேசையில் உட்கார்ந்து எழுதினால் இரண்டும் கெடும்.

*

கேள்வி: பிளஸ் டூ வரை தமிழ்வழியில் படித்தேன். உயிரியலில் நல்ல மார்க். இங்கே ஒரு பக்கம் படிக்க இரண்டு மணி நேரம் ஆகிறது.
(மருத்துவ மாணவர், தருமபுரி)

பதில்: ஒரு செய்தி சொல்கிறோம். 19ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணம் மானிப்பாயில் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் என்ற அமெரிக்க மிஷன் டாக்டர் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார், நூல்களைத் தமிழாக்கினார். அனாட்டமிக்கு அப்போது வழங்கிய சொல் 'அங்காதிபாதம்'. ஆகவே இந்தப் பாடம் தமிழில் ஏறாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஆங்கிலவழி மாணவருக்கும் இந்தச் சொற்கள் புதிதுதான். அவை லத்தீனும் கிரேக்கமும். கிளாவிகிள் சிறு சாவி, டிபியா ஊதுகுழல், பட்டெல்லா சிறு தட்டு, அசெடாபுலம் காடிக் கிண்ணம், காக்சிக்ஸ் குயில், அதாவது குயிலின் அலகு. வேர்ச்சொல் ஒவ்வொன்றுக்கும் தமிழில் ஒரு சொல் பக்கத்தில் எழுதி ஒரு நோட்டு போடுங்கள். ஹைப்போ குறைவு அல்லது கீழ், ஹைப்பர் மிகுதி, ஐடிஸ் அழற்சி, இன்ஃப்ரா கீழே, சுப்ரா மேலே. ஐம்பது வேர்கள் வந்துவிட்டால் இன்ஃப்ராஸ்பினேட்டஸ் தானாகப் பிரிந்து பொருள் சொல்லும். விளக்கத்தைத் தமிழில் யோசித்துப் புரிந்துகொண்டு, பெயர்களை மட்டும் ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டிப் பழகுங்கள்.

எழுத்துப்பிழை இங்கே பொருளையே மாற்றும். 'இலியம்' என்று ஒரே மாதிரி ஒலிக்கும் சொல்லில் மூன்றாவது ஆங்கில எழுத்து 'ஐ' என்றால் இடுப்பெலும்பு, 'ஈ' என்றால் சிறுகுடலின் கடைசிப் பகுதி. சாப்பிடுவதற்கான ஆங்கிலச் சொல் 'ஈ'யில் தொடங்குகிறது என்று நினைவு வையுங்கள். பெரிடோனியம் வயிற்றின் உட்சவ்வு, பெரினியம் கவட்டுப் பகுதி, பெரோனியல் காலின் வெளிப்பக்கம். இந்த மூன்றையும் தேர்வில் மாற்றி எழுதுகிறவர்களில் ஆங்கிலவழிக்காரர்களும் நிறைய.

*

கேள்வி: பேத்தி எலும்புப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறாள். நான் விளக்கேற்றும் வீடு. என்ன செய்வது?
(பாட்டி, கும்பகோணம்)

பதில்: பாட்டி, உங்கள் சங்கடம் நியாயமானது, பேத்திக்கும் எலும்பு தேவைதான். நிஜ எலும்பென்றால் விடுதியிலோ துறையின் எலும்பு நூலகத்திலோ வைத்துப் படிக்கட்டும். வீட்டுக்கு பிளாஸ்டிக் மாதிரி போதும், பெரிய அடையாளங்கள் அதிலும் தெரியும். கையில் பிடித்துப் பழக வேண்டிய மணிக்கட்டு எலும்புகளையும் முதுகெலும்புகளையும் கல்லூரியிலேயே படிக்கலாம். ஒன்று மட்டும்: வேண்டாம் என்று ஆனதும் குப்பையிலோ ஆற்றிலோ போட்டுவிடாதீர்கள். தெருவில் கிடக்கும் மனித எலும்பு போலீஸ் விசாரணையில் முடியும். துறையிடம் திருப்பித் தரட்டும், இல்லையென்றால் ஜூனியருக்குக் கைமாற்றட்டும்.

*

கேள்வி: ஹிஸ்டாலஜி (திசுவியல்) ரெக்கார்டில் ஏழு கலர் பென்சில் வைத்து அழகாக வரைந்தேன். மேடம் கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.
(மாணவி, கரூர்)

பதில்: இரண்டே பென்சில்தான்: ஹிமடாக்சிலின் ஊதா, ஈயோசின் இளஞ்சிவப்பு. ஸ்லைடு அந்த இரண்டு சாயத்தில்தான் நனைந்தது. செல்லின் கரு ஊதா நிறம், சைட்டோபிளாசமும் இழைகளும் இளஞ்சிவப்பு. கொழுப்பு சாயம் ஏற்றுவதற்கு முன்பே, திசுவைத் தயார்செய்யும்போதே கரைந்துபோவதால் அந்த இடம் வெறும் வெள்ளை, மஞ்சள் அடிக்காதீர்கள். மைக்ரோஸ்கோப்பில் தெரிந்ததை வரையுங்கள், புத்தகத்தில் உள்ளதை அல்ல. ஒவ்வொரு படத்துக்கும் கீழே அடையாளம் காணும் குறிப்பு இரண்டு வேண்டும். கணையமென்றால் லாங்கர்ஹான்ஸ் திட்டுகள், டான்சில் என்றால் மேலே பல அடுக்குச் செதில் எபிதீலியம். அம்புக்குறி ஒன்றையொன்று வெட்டக் கூடாது, பெயர்கள் எல்லாம் வலப்பக்கம் ஒரே வரிசையில். தேதி போட்டு, அந்த வாரமே கையெழுத்து வாங்கிவிடுங்கள். மார்ச்சில் முப்பது படத்தோடு ஸ்டாஃப் ரூம் வாசலில் நிற்கும் வரிசை ரொம்ப நீளம்.